லென்ஸ் மேல் போட்ட பழி

ஒரு கேமராவை வாங்குவதற்கு முன்னாலேயே அதை வைத்து எங்கள் வீட்டில் ஒரு வருடம் சண்டை நடந்தது. சும்மா முணுமுணுப்பு இல்லை. பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா ஒருநாள் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, எல்லாரும் நலம்தானே என்று கேட்கும் அளவுக்குச் சண்டை. ஜொகூர் பாருவை ஒட்டிய தம்போயில், எங்கள் தாமான் குடியிருப்பில் வீடுகள் முதுகோடு முதுகு ஒட்டி நிற்பவை. ஒரு வீட்டில் மிளகாய் தாளித்தால் அடுத்த வீட்டில் தும்முவார்கள். நாங்கள் போட்ட சத்தம் எத்தனை வீடு தாண்டிப் போயிருக்குமோ தெரியாது. போயிருந்தால் போகட்டும் என்றுதான் அப்போதும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன்.

என் வீட்டுக்காரர் கல்யாண போட்டோக்காரர். நானும்தான், ஆனால் அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. நலங்கு, மருதாணி, பெண் அலங்காரம் இதெல்லாம் நான் எடுப்பேன். தாலி கட்டும்போது கேமரா அவர் கையில் இருக்கும், நான் விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பேன். வீட்டுக்கு வந்த பிறகு படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, கழிக்க வேண்டியதைக் கழித்து, நிறம் திருத்தி, ஆல்பம் கட்டுவது முழுக்க என் வேலை. யாராவது கேட்டால், "சம்சாரம் கம்ப்யூட்டர்ல கொஞ்சம் உதவி பண்ணும்" என்பார். அந்தக் 'கொஞ்சம்' காதில் விழும்போதெல்லாம் கையில் இருக்கும் விளக்கால் ஒரு போடு போடலாமா என்று தோன்றும்.

எங்களிடம் இருந்த பழைய பெரிய கேமரா சாகக் கிடந்தது. ஷட்டர் நினைத்தால் வேலை செய்யும், நினைத்தால் செய்யாது. புதிதாக ஒன்று வாங்கியாக வேண்டும். அவருக்கு ஃபுல் ஃபிரேம் டிஎஸ்எல்ஆர் என்கிற பெரிய கேமராதான் வேண்டும். எனக்குக் கையடக்கமான மிரர்லெஸ். வாங்க முடிந்தது ஒன்றே ஒன்று.

"அந்தச் சின்னப் பொட்டியத் தூக்கிட்டுக் கல்யாண வீட்டுக்குள்ள போனா, சாப்பிட வந்த ஆளுன்னு நெனப்பாங்க. பெரிய கேமராவ பார்த்தாதான் சனம் வழி விடும்" என்பார்.

அதில் உண்மை இல்லாமல் இல்லை, அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. எங்கள் ஆட்களுக்குக் கேமராவின் எடைதான் போட்டோக்காரரின் தகுதி. கையில் பீரங்கி மாதிரி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தால், "அண்ணே, இப்படி நில்லுங்கண்ணே, தண்ணி குடிங்கண்ணே" என்று உபசாரம் நடக்கும். படம் எப்படி வருகிறது என்று கேட்பவர் ஒருவரும் இல்லை. நான் ஒருமுறை இரவல் வாங்கிய சின்னக் கேமராவோடு நலங்கில் நின்றபோது ஒரு மாமி என் தோளைத் தட்டி, "நீ கொஞ்சம் நகரும்மா, போட்டோக்காரர் வருவாரு" என்றிருக்கிறார்.

ஆனால் நான் சின்னதைக் கேட்டதற்குக் காரணம் எடையும் இல்லை, மாமிகளும் இல்லை. அவர் எடுக்கிற படங்கள் கெட்டுக்கொண்டே வந்தன. வேறு யாருக்கும் அது தெரியாது, எனக்குத் தெரியும். கம்ப்யூட்டரில் ஒவ்வொரு முகத்தையும் பெரிதாக்கிப் பார்ப்பவள் நான். முதலில் எங்கோ ஒரு படத்தில் பெண்ணின் கண்ணுக்குப் பதிலாகக் காதோலை தெளிவாக இருக்கும். பிறகு மாலை தெளிவாக இருக்கும், முகம் மங்கும். பிறகு ஒரு கல்யாணத்தில் தேறுகிற படத்தைத் தேடித் தேடிப் பொறுக்க வேண்டியிருந்தது. கழித்தவற்றை அவரிடம் காட்டுவேன். எட்டி நின்று பார்த்துவிட்டு, "லென்ஸ் கெட்டுப் போச்சு" என்பார்.

இந்த லென்ஸ் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெரிய கேமராவில் லென்ஸும் உடலும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் சண்டித்தனம் செய்வது உண்டு. கண்ணைக் குறிவைத்தால் மூக்கில் போய் ஃபோகஸ் நிற்கும். ரிப்பேர் கடையில் கொடுத்தால் சரிசெய்து தருவார்கள். மிரர்லெஸ்ஸில் அந்தத் தகராறு அனேகமாக இல்லை. படத்தைப் பதிகிற சென்சார் சில்லே ஃபோகஸையும் பார்த்துக்கொள்கிறது. அதோடு, எதிரே நிற்பவரின் கண் எங்கே இருக்கிறது என்று தானே தேடிப் பிடித்து, அதன் மேல் ஒரு சின்னக் கட்டம் போட்டுக் காட்டுகிறது. அதாவது, பெரிய கேமராவில் படம் மங்கினால் லென்ஸைச் சொல்லலாம். சின்னதில் சொல்ல எதுவும் இல்லை. அவர் ஏன் பெரியதை விட்டு இறங்க மறுத்தார் என்பதற்கு நான் கண்டுபிடித்த விளக்கம் இதுதான்.

அவருக்கு இனிப்பு நீர், சர்க்கரை வியாதி. பல வருடங்களாக இருக்கிறது. அதற்கு அவர் செய்துகொண்ட வைத்தியம், மாமாக் சாப்பாட்டுக் கடையில் தே தாரேக் டீ சொல்லும்போது "கூராங் மானிஸ்" என்று சேர்த்துச் சொல்வது. சீனியைக் குறைத்துவிட்டாராம், நோய் ஓடிவிடுமாம். அரசாங்க கிளினிக்கில் மருந்து வாங்கப் போகும்போதெல்லாம் அங்கிருக்கும் தாதி, கண்ணைக் காட்டினீர்களா என்று கேட்பார். இவரும் காட்டுகிறேன் என்று பவ்யமாகத் தலையாட்டுவார். காடியில் ஏறிக் கார்க் கதவைச் சாத்தியதும், "கண்ணுக்கு என்னா கேடு? போட்டோக்காரன்கிட்ட வந்து கண்ணப் பத்திக் கேக்குது பாரு" என்பார்.

ஒருநாள் நேராகவே சொன்னேன். "லென்ஸ் நல்லாத்தான் இருக்கு. உங்களுக்குத்தான் கண்ணு தெரியல."

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை உதறிவிட்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு என்னோடு பேச வேண்டியதையெல்லாம் சுவரைப் பார்த்துப் பேசினார். "இந்த வீட்டுல தண்ணி கெடைக்குமா?" என்று சுவரைக் கேட்பார். "சுவத்துக்குக் கையா இருக்கு, எடுத்துக் குடுக்க?" என்று நானும் சுவருக்குப் பதில் சொல்வேன். லென்ஸ் மறுபடியும் ரிப்பேருக்குப் போயிற்று. எதுவும் இல்லை என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்கள். அந்தக் கடைக்காரனுக்குத் தொழில் தெரியாது என்று சொல்லிவிட்டு வேறொரு கடைக்குக் கொண்டுபோனார்.

கண்ணைப் பற்றிப் பேச்செடுத்தால் வீடு போர்க்களம். சரி, கேமராவையாவது மாற்றுவோம், அதுவே கண்ணைத் தேடிப் பிடிக்கட்டும், பிழைப்பாவது ஓடட்டும் என்று மிரர்லெஸ்ஸைப் பிடித்துக்கொண்டேன். நான் பிடித்ததாலேயே அது அவருக்குப் பகையாகிவிட்டது. கடை விளம்பரத்தில் சின்னக் கேமராவைப் பார்த்தால்கூட முகத்தைத் திருப்புவார்.

இப்படி இருக்கும்போதுதான் பண்டார் தெங்காராவில் ஒரு கல்யாணம் வந்தது. செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே போகிற பாதை. கோயில் மண்டபத்தில் நல்ல கூட்டம். பெண்ணின் அம்மா ஒற்றை ஆளாக மகளை வளர்த்தவர். சிங்கப்பூருக்குத் தினம் பாலம் தாண்டிப் போய்த் துப்புரவு வேலை செய்து அந்தக் கல்யாணத்தை நடத்தினார். எங்களைக் கண்டதும், "அண்ணே, தாலி கட்டுற படம் மட்டும் நல்லா எடுத்துக் குடுத்துருங்க. பெருசாக்கி வீட்டுல மாட்டணும்" என்றார். வேறு எதுவும் அவர் கேட்கவில்லை.

கெட்டிமேளம் முழங்கியது. மாப்பிள்ளை தாலியைக் கழுத்தருகே கொண்டுபோனதும் என் வீட்டுக்காரர் கையை உயர்த்தி, "மாப்பிள்ள, அப்படியே இருங்க, அப்படியே" என்றார். எல்லாப் போட்டோக்காரர்களும் செய்வதுதான், ஒரு மூச்சு நேரம் நிறுத்துவார்கள். இவர் விடவில்லை. லென்ஸை முன்னும் பின்னும் திருகிக்கொண்டே இருந்தார். மேளக்காரர் அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தார். மாப்பிள்ளை குருக்களைத் திரும்பிப் பார்த்தார். பெரிய கேமராவாயிற்றே, யாரும் எதுவும் சொல்லவில்லை. கடைசியில் குருக்கள்தான் பொறுக்க மாட்டாமல், "படத்துக்காகவா தாலி? கட்டுப்பா நீ!" என்று அதட்டினார். விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

வீட்டுக்கு வந்து அந்தப் படங்களைத் திறந்தேன். பின்னால் தொங்கிய மாவிலைத் தோரணத்தில் ஒவ்வொரு இலையின் நரம்பும் எண்ணிவிடலாம் போல இருந்தது. மணப்பெண்ணுக்கு மட்டும் முகம் இல்லை. வரிசையாக எடுத்த அத்தனையிலும் இல்லை.

பெண்ணின் அம்மா படம் பார்க்க எங்கள் வீட்டுக்கு வந்தார். வேலை முடிந்து, பாலத்தின் நெரிசலில் நின்று, சீருடையோடு நேராக வந்திருந்தார். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"தோரணம் நல்லா பளிச்சுன்னு இருக்குண்ணே. எம்மக மூஞ்சி எங்க?" என்றார்.

"லென்ஸ்ல ஒரு பிரச்சனம்மா" என்று இவர் ஆரம்பித்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஒண்ணும் கவலப்படாதீங்க. ஒருநாள் ரெண்டு பேரையும் கோயிலுக்கு வரச் சொல்லுங்க. அதே சேல, அதே மால. தாலி கட்டுற மாதிரியே மறுபடியும் எடுத்துக் குடுத்துர்றேன்."

அந்த அம்மாவின் முகம் மாறியது. மறுபடியும் கட்டுவதுபோல எடுக்க வேண்டும் என்றால் கழுத்தில் கிடக்கும் தாலியை முதலில் கழற்ற வேண்டும். கட்டிய தாலியை எங்கள் பெண்கள் எப்போது கழற்றுவார்கள் என்று இவருக்குத் தெரியாதா? இத்தனை கல்யாணம் எடுத்த மனிதருக்கு அந்த நேரத்தில் அது உறைக்கவே இல்லை. அந்த அம்மாவுக்கு உறைத்தது. அவர் கழுத்தில் தாலி இல்லை.

"எம்மக தாலியக் கழட்டச் சொல்றீங்களா?" என்று எழுந்து நின்றார். "கல்யாணம் ஆகி மஞ்சக் கயிறுகூட இன்னும் காயல. வாயக் கழுவுங்க முதல்ல. பெரிய கேமரா வச்சிருக்கீங்களே, வெக்கமா இல்ல?"

கைப்பேசியை எடுத்து ஒரு படத்தை என்னிடம் காட்டினார். அவருடைய தங்கை ஓரமாக நின்று எடுத்தது. யாரோ ஒருவரின் முழங்கை குறுக்கே வந்திருந்தது. ஆனால் பெண் சிரித்துக்கொண்டே அழுவது அதில் நன்றாகத் தெரிந்தது. "இதப் பெருசாக்கிக் குடுங்கக்கா, போதும்" என்று என்னிடம் சொன்னார். இவர் பக்கம் திரும்பவே இல்லை. வாசலில் செருப்பை மாட்டும்போது அவர் அழுதார்.

அவர் தலை மறைந்ததும் இவர் தொடங்கினார். "நாளைக்கே போய் ஃபுல் ஃபிரேம் வாங்குறேன். புது லென்ஸோட. இந்த ஓட்டையக் கட்டிட்டு அழ முடியாது."

"வாங்குங்க. நானும் வர்றேன். வாங்குறதுக்கு முன்னால சின்னதையும் ஒரு தடவ கையில பிடிச்சுப் பார்க்கணும். பார்க்காம வாங்குனீங்க, அந்த ஆல்பத்தையெல்லாம் இனி நீங்களே உட்கார்ந்து கட்டிக்குங்க" என்றேன். அந்த மிரட்டல் வேலை செய்தது. கம்ப்யூட்டரில் அவருக்கு மவுஸ் பிடிக்கவும் தெரியாது.

ஜொகூர் பாருவில் ஒரு பேரங்காடிக்குள் இருந்தது அந்தக் கேமராக் கடை. கடைக்காரர் எங்கள் வயதுள்ள சீனர். இரண்டு கேமராக்களையும் எடுத்துக் கண்ணாடிப் பலகை மேல் வைத்தார். என் வீட்டுக்காரர் பெரியதைத் தூக்கி, கனத்தைக் கையில் நிறுத்துப் பார்த்து, ஷட்டரைத் தட்டி அந்தச் சத்தத்தைக் கேட்டு ரசித்தார். நான் சின்னதை அவர் பக்கம் நகர்த்தினேன். விரல் நுனியால் தூக்கினார்.

கடைக்காரர் முதலில் தானே அதை என் முகத்துக்கு நேராகப் பிடித்துப் பின்பக்கத் திரையைக் காட்டினார். என் கண் மேல் ஒரு வெள்ளைக் கட்டம் வந்து ஒட்டிக்கொண்டது. நான் தலையைத் திருப்பினேன், கட்டம் அடுத்த கண்ணுக்குத் தாவியது. நல்ல சாமான் என்று நினைத்தேன். பிறகு கேமராவை இவரிடம் கொடுத்து, வியூஃபைண்டரில் பார்க்கச் சொன்னார்.

எப்போதும்போல வலது கண்ணை வைத்து, இடது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். "எங்க கட்டம்?" என்றார்.

நடுவில்தான் இருக்கிறது, உங்கள் மனைவியின் கண்ணில் என்று கடைக்காரர் மலாயில் சொன்னார்.

"ஒரு மண்ணும் இல்ல."

கடைக்காரர் கேமராவை வாங்கித் தானே எட்டிப் பார்த்தார். பக்கத்தில் இருந்த சின்னச் சக்கரத்தை இப்படியும் அப்படியும் திருகிவிட்டு மறுபடி கொடுத்தார். இவர் மறுபடி பார்த்தார். "சொன்னேன்ல? ஓட்டக் கேமரா. இதுக்குத்தான் ஒரு வருசமா உயிர வாங்குனியா?" என்று என்னைப் பார்த்துக் கத்தினார். கடையில் இருந்தவர்கள் திரும்பினார்கள். எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கேமராவைப் பிடுங்கி அங்கேயே போட்டு உடைத்திருப்பேன்.

கடைக்காரருக்கு வேறு வழி தெரியாமல்தான் சொல்லியிருக்க வேண்டும். மற்றக் கண்ணால் பார்த்துப் பாருங்கள் என்றார்.

இவர் அலட்சியமாகக் கேமராவை இடது கண்ணுக்கு மாற்றினார். வலது கண்ணை மூடினார். அப்படியே நின்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் வலது கண்ணுக்குக் கொண்டுபோனார். மறுபடியும் இடது. அவர் வாய் மட்டும் லேசாகத் திறந்திருந்தது. கேமராவைக் கண்ணாடிப் பலகை மேல் மெதுவாக வைத்துவிட்டு, "போலாம்" என்றார்.

கார் நிறுத்துமிடத்தில் தூணுக்குத் தூண் அவர் பின்னாலேயே ஓட வேண்டியிருந்தது. எங்கள் காடி அருகே போனதும் நான் குறுக்கே நின்றேன்.

"சாவியக் குடுங்க."

"இடது கண்ணு நல்லாத்தான இருக்கு. தள்ளு."

"எந்தக் கண்ணு நல்லா இருக்குன்னு இப்பத்தான உங்களுக்கே தெரியும்! லென்ஸ எத்தன கடைக்குத் தூக்கிட்டு அலைஞ்சீங்க? கண்ண ஒரு எடத்துல காட்டுனீங்களா? அந்த அம்மாகிட்ட தாலியக் கழட்டச் சொன்னீங்களே, அப்பவாவது தோணுச்சா?"

அவர் திருப்பிக் கத்தவில்லை. ஒரு வருடத்தில் அதுதான் முதல் முறை. "ரெண்டு கண்ணும் தெறந்து இருக்கறப்ப எல்லாம் தெரியுதுடி" என்றார். "கேமராவ வைக்கறப்பதான் நடுவுல அழுக்குப் பட்ட மாதிரி இருக்கும். லென்ஸுன்னுதான் நெனச்சேன். சத்தியமா லென்ஸுன்னுதான் நெனச்சேன்."

அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. வலது கண் தனியாக வேலை செய்வதே கேமராவுக்குப் பின்னால் மட்டும்தான். மற்ற நேரமெல்லாம் இடது கண் அதன் வேலையையும் சேர்த்துச் செய்திருக்கிறது. பொய் சொல்லிக்கொண்டிருந்தார் என்று நான் நம்பியதில் பாதி பொய்யே இல்லை. அதற்காக என் கோபம் குறைந்துவிட்டது என்று எழுதினால் அது நடிப்பு. தாதி கேட்டபோதெல்லாம் தலையாட்டினாரே, அந்தத் தலையாட்டலுக்கு லென்ஸ் என்ன செய்யும்? சாவியை அவர் கையிலிருந்து பிடுங்கித்தான் எடுத்தேன். தம்போய் வரை நான்தான் ஓட்டினேன்.

அரசாங்க ஆஸ்பத்திரியின் கண் பிரிவில் நீண்ட நேரம் காத்திருந்தோம். பாவையை விரிக்க மருந்து ஊற்றிவிட்டார்கள். இவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, எதிரே இருந்த மின்விசிறியைத் திட்டினார், வரிசையைத் திட்டினார், அசௌகரியமான நாற்காலியைத் திட்டினார். திட்ட வேறு எதுவும் மிஞ்சாதபோது, "சின்னதையே வாங்கித் தொலை. இனி நீதான எடுக்கப் போற" என்றார்.

அவ்வளவுதான். ஒரு வருடச் சண்டை அப்படி முடிந்தது. ஜெயித்துவிட்டேன். காறித் துப்பலாம் போலிருந்தது எனக்கு.

டாக்டர் ஒரு மலாய்ப் பெண், சின்ன வயது, நிதானமாகப் பேசினார். ஒரு கருவியில் இவருடைய தாடையை ஊன்ற வைத்து, பளிச்சென்று ஒளி பாய்ச்சி, கண்ணின் பின்புறத்தைப் படம் எடுத்தார். படம் திரையில் வந்தது. வலது கண்ணின் நடுவில் ரத்தம் கசிந்து வீங்கியிருக்கிறது, வெகு நாட்களாக இருந்திருக்கிறது, அதில் போனது பெரும்பாலும் திரும்பாது என்றார். இடது கண்ணிலும் தொடங்கிவிட்டது. ஊசியும் லேசரும் கொடுத்து அதைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார். இவர் பள்ளிக்கூடப் பையன் மாதிரி ஒவ்வொன்றுக்கும் "யா, டாக்டர்" என்றார்.

டாக்டர் எழுதத் திரும்பிய நேரம் இவர் திரைப் பக்கம் முகத்தை நீட்டினார். மருந்து ஊற்றிய கண்ணுக்கு எதுவும் தெரிந்திருக்காது. என் கையைத் தேடிப் பிடித்தார்.

"படம் ஷார்ப்பா வந்திருக்கா?" என்று தமிழில் கேட்டார்.

நான் பார்த்தேன். ஆரஞ்சு நிற வட்டம். அதில் ஒவ்வொரு ரத்த நாளமும், அதன் கிளையும், நடுவில் சிதறிய சிவப்புப் புள்ளிகளும், மஞ்சள் திட்டுகளும் ஓரம் பிசகாமல் தெரிந்தன. அந்த ஒரு படமாவது மங்கலாக வந்திருக்கக் கூடாதா என்றிருந்தது.

"இருக்குங்க. நல்லா ஷார்ப்பா இருக்கு" என்றேன்.

அவர் தலையாட்டினார். கையை விடவில்லை.